நான்கு நாள் பயணம், இருபது வருஷ வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

மே மாதம் நானும் வீட்டம்மாவும் சூரிக்கில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அங்கிருந்து இத்தாலியின் ஏரிக்கரை ஊர்களுக்கு நான்கு நாள் போய்வரலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை. மருமகள் பெல்லாஜியோ, வரென்னா என்று அழகழகான படங்களாக அனுப்பிவிட்டு, "எங்கெங்கே போகலாம்னு நீங்களே பிளான் போடுங்க மாமா" என்று சொல்லிவிட்டாள். வாத்தியாரிடம் பிளான் போடச் சொன்னால் அது பாடக்குறிப்பாகத்தான் வந்து நிற்கும். அட்லஸும் கையுமாக இரண்டு வாரம் உட்கார்ந்தேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கு இத்தாலியில், ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில் மூன்று பெரிய ஏரிகள் உண்டு. மேற்கே மஜ்ஜோரே, நடுவில் கோமோ, கிழக்கே கார்டா. பனியாறுகள் மலையைக் குடைந்துகொண்டு இறங்கி, பிறகு உருகிப் பின்வாங்கியபோது உண்டான நீண்ட பள்ளங்கள் இவை. ஆகவே நம் ஊர் ஏரியை மனதில் வைத்துக்கொண்டு கற்பனை செய்யாதீர்கள். கோமோ ஏரியின் ஆழம் 400 மீட்டருக்கு மேல். கவைக்குச்சியைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ அதுதான் அதன் வடிவம். மூன்றில் பெரியது கார்டா, சுமார் 370 சதுர கிலோமீட்டர். மஜ்ஜோரேயின் வடக்கு முனை மட்டும் சுவிட்சர்லாந்துக்குள் இருக்கிறது.

ஊர்களின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டு வரும்போதுதான் ஒன்று கவனித்தேன். இந்தப் பெயர்களில் பல நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதியவை. லோகார்னோ ஒப்பந்தம், ஸ்ட்ரேசா மாநாடு, முசோலினியின் முடிவு. 1925, 1935, 1945. சொல்லிவைத்த மாதிரி பத்துப் பத்து வருஷ இடைவெளி. மூன்றும் நடந்தது இரண்டே ஏரிகளின் கரையில். சூரிக்கிலிருந்து ரயிலில் போனால் ஊர்களும் அதே வரிசையில் வருகின்றன. பிளான் தானாகவே அமைந்துவிட்டது.

முதல் நாள்: லோகார்னோ

சூரிக்கிலிருந்து லோகார்னோவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். வழியில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கொத்தார்டு அடிவாரச் சுரங்கம் வரும். 2016-இல் திறந்தது. உள்ளே நுழையும்போது ஜெர்மன் பேசும் ஊர், வெளியே வரும்போது இத்தாலி மொழி பேசும் ஊர். நாடு என்னவோ ஒன்றுதான்.

1925 அக்டோபர் 5 முதல் 16 வரை இந்தச் சின்ன ஊரில் ஐரோப்பாவின் பெரிய தலைகள் கூடின. ஜெர்மனியின் ஸ்ட்ரெசமான், பிரான்சின் பிரியான், பிரிட்டனின் ஆஸ்டின் சேம்பர்லின். (மூனிக் உடன்படிக்கையில் வரும் நெவில் சேம்பர்லின் வேறு ஆள். அவர் இவருக்குத் தம்பி முறை. தந்தை ஒருவர், தாய் வேறு.) முதல் உலகப் போர் முடிந்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது. அதுவரை ஒரே மேசையில் சமமாக உட்கார மறுத்தவர்கள், இங்கே ஒருநாள் ஏரியில் படகில் போய்க்கொண்டே பேசினார்கள். ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும், ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் இடையே உள்ள எல்லையை யாரும் படை கொண்டு மாற்றக் கூடாது என்று முடிவானது. பிரிட்டனும் இத்தாலியும் அதற்கு ஜாமீன் நின்றன. மூன்று அமைச்சர்களுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. உலகமே பெருமூச்சு விட்டது.

இத்தாலியின் சார்பில் வந்தவர் முசோலினி. மாநாட்டின் கடைசியில் ஏரி வழியாக விசைப்படகில் வந்து இறங்கினார். அதற்கு முந்தைய வருஷம்தான் இத்தாலியில் மத்தெயோத்தி என்ற எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரைப் பாசிஸ்டுகள் கடத்திக் கொன்றிருந்தார்கள். பத்திரிகைகளின் வாயையும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் லோகார்னோவுக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களில் பலர் முசோலினியின் சந்திப்பைப் புறக்கணித்தார்கள். அமைச்சர்கள் கைகுலுக்கினார்கள், பத்திரிகைக்காரர்கள் குலுக்க மறுத்தார்கள்.

இனி நான் வகுப்பில் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். ஜெர்மனியின் மேற்கு எல்லைக்கு உத்தரவாதம் கிடைத்தது, சரி. கிழக்கு எல்லைக்கு? போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் லோகார்னோவுக்கு வந்திருந்தன. ஜெர்மனியிடமிருந்து அவர்களுக்குக் கிடைத்தது, தகராறு வந்தால் மத்தியஸ்தம் வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்ற உடன்படிக்கை மட்டும்தான். எல்லை மாறாது என்று அவர்களுக்கு ஜெர்மனி எழுதிக் கொடுக்கவில்லை, பிரிட்டன் ஜாமீன் நிற்கவில்லை. 1938-39-இல் செக்கோஸ்லோவாக்கியாவும் 1939 செப்டம்பரில் போலந்தும் என்ன ஆயின என்பது உங்களுக்கே தெரியும்.

அன்று மாலையே புறப்பட்டு ஸ்ட்ரேசா போய்விடுகிறோம். லோகார்னோவிலிருந்து டோமோடோசோலா வரை மலைக்குள் ஓடும் ஒரு குட்டி ரயில் இருக்கிறது. சென்டோவல்லி ரயில் என்பார்கள். பெயருக்கு நூறு பள்ளத்தாக்கு என்று அர்த்தம். சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து வேறு ரயிலில் ஸ்ட்ரேசா அரை மணி. நாடு மாறினாலும் ஷெங்கன் விசா ஒன்றே போதும். பணம் மட்டும் சுவிஸ் பிராங்கிலிருந்து யூரோவாக மாறும்.

இரண்டாம் நாள்: ஸ்ட்ரேசா

கரையிலிருந்து படகில் பத்தே நிமிடத்தில் ஈசோலா பெல்லா என்ற தீவு. பொர்ரோமியோ என்ற பிரபுக் குடும்பம் 1632-இல் இங்கே அரண்மனை கட்டத் தொடங்கியது. பத்து அடுக்காக எழும்பும் தோட்டம், அதில் வெள்ளை மயில்கள். மருமகள் அனுப்பிய படங்களில் இதுவும் உண்டு. பேத்திக்கு மயில் பிடிக்கும். காலை முழுவதும் அங்கேதான்.

அந்த அரண்மனையில் இசைக்கூடம் என்று ஓர் அறை இருக்கிறது. 1935 ஏப்ரல் 11 முதல் 14 வரை பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு, பிரெஞ்சுப் பிரதமர் பிளாந்தன், வெளியுறவு அமைச்சர்கள் சைமன், லவால் ஆகியோர் இந்தத் தீவில் கூடினார்கள். விருந்து கொடுத்தவர் முசோலினி. காரணம் ஹிட்லர். மார்ச் 16 அன்று வெர்சாய் ஒப்பந்தத்தை மீறி, ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவையை அறிவித்திருந்தார். மூன்று நாடுகளும் சேர்ந்து அவரைத் தடுப்போம் என்று அறிக்கை விட்டன. இதைத்தான் பாடப்புத்தகத்தில் ஸ்ட்ரேசா முன்னணி என்று படித்தீர்கள்.

அந்த அறிக்கையில் அமைதிக்கு ஆபத்து வந்தால் எதிர்ப்போம் என்று வருகிற இடத்தில், 'ஐரோப்பாவின் அமைதி' என்று இருக்கும். 'ஐரோப்பாவின்' என்ற அந்த ஒரு சொல்லைப் பாருங்கள். முசோலினி அப்போதே அபிசீனியாவின் மீது, அதாவது எத்தியோப்பியாவின் மீது, படையெடுக்கத் துருப்புகளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாநாட்டு மேசையில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் முசோலினி கோபித்துக்கொண்டு ஹிட்லர் பக்கம் போய்விடுவாரோ என்ற பயம். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார் முசோலினி.

அடுத்த ஆறு மாதத்தில் எல்லாம் கலைந்தது. ஜூனில் பிரிட்டன் மற்ற இருவரையும் கேட்காமலே ஜெர்மனியோடு கடற்படை உடன்பாடு செய்துகொண்டது. அக்டோபர் 3 அன்று இத்தாலியப் படை எத்தியோப்பியாவுக்குள் நுழைந்தது. விஷவாயுவை விமானத்திலிருந்து பொழிந்தார்கள். 1936 மே மாதம் தலைநகர் அடிஸ் அபாபா விழுந்தது. ஜூன் 30 அன்று பேரரசர் ஹெய்லி செலாசி ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று நியாயம் கேட்டார். கூடத்தில் இருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீட்டியடித்துக் கூச்சல் போட்டார்கள். இதற்கிடையில் அந்த மார்ச்சிலேயே ஹிட்லர் ரைன்லாந்துக்குள் படையை அனுப்பி லோகார்னோவைக் கிழித்துப் போட்டிருந்தார். வருஷக் கடைசிக்குள் முசோலினியும் ஹிட்லரும் ஒரே அணி. எதைத் தடுக்க வாயை மூடிக்கொண்டார்களோ அதுவே நடந்தது.

இரண்டாம் நாள் மாலை: மெய்னா

வீட்டில் வாக்குவாதம் வந்தது இந்த ஊரால்தான்.

மெய்னா, ஸ்ட்ரேசாவுக்குத் தெற்கே அதே ஏரிக்கரையில் உள்ள சிற்றூர். சுற்றுலாக் கையேடுகளில் அவ்வளவாக வராது. 1943 ஜூலையில் முசோலினியைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். செப்டம்பர் 8 அன்று இத்தாலி நேச நாடுகளோடு போர் நிறுத்தம் அறிவித்தது. உடனே ஜெர்மன் படை வடக்கு இத்தாலியைப் பிடித்துக்கொண்டது. ஹிட்லரின் எஸ்.எஸ். படைப்பிரிவு ஒன்று இந்த ஏரிக்கு வந்தது.

மெய்னாவில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு ஹோட்டல். அதில் யூதக் குடும்பங்கள் தங்கியிருந்தன. கிரேக்க நாட்டின் சலோனிகா நகரிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் அவர்களில் பலர். இத்தனை தூரம் வந்துவிட்டோம், சுவிட்சர்லாந்து எல்லை பக்கத்தில்தான், இனிப் பயமில்லை என்று நினைத்திருப்பார்கள். செப்டம்பர் நடுவில் எஸ்.எஸ். காரர்கள் அவர்களை ஹோட்டலிலேயே ஓர் அறையில் அடைத்துவைத்தார்கள். சில நாள் கழித்து, 22-ஆம் தேதி இரவு முதல், கூட்டம் கூட்டமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுட்டு, உடல்களில் கல்லைக் கட்டி ஏரியில் போட்டார்கள். அந்த ஹோட்டலில் மட்டும் 16 பேர். அடுத்த இரவு கடைசியாகக் கொண்டுபோனது ஒரு தாத்தாவையும் மூன்று பேரப்பிள்ளைகளையும். தாத்தாவுக்கு 76 வயது. பிள்ளைகளுக்கு 17, 13, 12. கடைசிக் குழந்தை பெண்.

பவேனோ, அரோனா, ஓர்த்தா, ஸ்ட்ரேசா என்று அந்த வட்டாரம் முழுவதிலும் சேர்த்து, அந்த நாட்களில் கொல்லப்பட்டவர்கள் 50 பேருக்கு மேல். இத்தாலியில் ஜெர்மன் படை நடத்திய யூதப் படுகொலைகளில் முதலாவது இது. 1968-இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் நகர நீதிமன்றம் எஸ்.எஸ். அதிகாரிகள் சிலரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 1970-இல் மேல் நீதிமன்றம், வழக்குக்கான காலவரம்பு கடந்துவிட்டது என்று அவர்களை விட்டுவிட்டது.

ஹோட்டலை நடத்திய குடும்பமும் யூதக் குடும்பம்தான். அவர்கள் துருக்கிக் குடிமக்கள். துருக்கி போரில் நடுநிலை வகித்தது. அந்த நாட்டுத் தூதர் தலையிட்டதால் தப்பினார்கள். அந்த வீட்டுச் சிறுமி பெக்கி பெஹார் வளர்ந்து பெரியவளான பிறகு பள்ளிகளுக்குப் போய், தான் கண்டதை மாணவர்களிடம் சொல்லிவந்தார்.

"லீவுக்குத்தானேப்பா போறோம். பாப்பாவுக்கும் பன்னிரண்டு வயசுதான். அங்கே போய் இதையெல்லாம் சொல்லணுமா?" என்று மகன் போனில் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பிள்ளை மனதில் பயத்தை விதைக்க எந்தத் தாத்தாவும் விரும்பமாட்டான். இரண்டு நாள் யோசித்துத்தான் பதில் சொன்னேன். ஒரு முடிவுக்கும் வந்தோம். ஏரிக்கரையில் நிற்கவைத்துத் திடீரென்று சொல்லப்போவதில்லை. சூரிக்கில் வீட்டிலேயே, அம்மா அப்பா பக்கத்தில் இருக்க, முன்கூட்டியே சொல்வேன். கேட்ட பிறகு வரப் பிரியமில்லை என்றால் அவளும் அவள் அம்மாவும் ஸ்ட்ரேசாவிலேயே ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும். நானும் மகனும் ரயிலில் போய், நினைவுச் சின்னத்தின் அருகே சற்று நேரம் நின்றுவிட்டு வருவோம்.

ஆனால் சொல்லாமல் இருக்கமாட்டேன். பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் தேதிகளை மனப்பாடம் செய்யவைத்தவன் நான். அந்தத் தேதிகளுக்குள் அவள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்று என் பேத்திக்காவது தெரியட்டும்.

மூன்றாம் நாள்: வரென்னா, பெல்லாஜியோ

இந்த நாள் முழுக்க மருமகளுடையது. பாடம் கிடையாது.

ஸ்ட்ரேசாவிலிருந்து மிலான் ஒரு மணி நேரம். மிலானில் மாறினால் வரென்னா இன்னொரு மணி நேரம். வரென்னா, பெல்லாஜியோ, மெனாஜ்ஜியோ மூன்றுக்கும் இடையே பெரிய படகுகள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கரையிலிருந்து அடுத்த கரை கால் மணி நேரம். இரவுத் தங்கல் மெனாஜ்ஜியோவில் என்று வைத்திருக்கிறேன். காரணம் வீட்டம்மாவின் முழங்கால். வரென்னாவும் பெல்லாஜியோவும் படிக்கட்டு ஊர்கள். மெனாஜ்ஜியோவில் கரையோரம் சமதளம்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: அந்தப் பக்கத்தில் பொலெந்தா என்று ஒன்று உண்டு. மக்காச்சோள மாவில் கிண்டிய களிதான். ரிசோட்டோ என்பது குழைந்த சோறு. அதைப் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாற்றில் கிளறுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

நான்காம் நாள்: தோங்கோ, மெட்செக்ரா

கடைசி நாள். மெனாஜ்ஜியோவுக்கு வடக்கே அதே கரையில் தோங்கோ. பேருந்து உண்டு.

முசோலினியை ஹிட்லரின் ஆட்கள் 1943 செப்டம்பரில் சிறையிலிருந்து மீட்டு, கார்டா ஏரிக்கரையில் ஒரு பொம்மை அரசுக்குத் தலைவராக உட்காரவைத்தார்கள். சாலோ குடியரசு என்பது அதுதான். சாலோவையும் பார்க்க ஆசைதான். ஆனால் இன்னும் கிழக்கே போக வேண்டும், நான்கு நாளில் அடங்காது. விட்டுவிட்டேன்.

தெற்கிலிருந்து நேச நாடுகளின் படை ஒவ்வொரு மலையாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தது. அதில் இந்தியாவின் 4, 8, 10 ஆகிய மூன்று டிவிஷன்கள் இருந்தன. நம்மவர் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று, இந்த ஏரிகளுக்கு வெகு தெற்கே மிஞ்ஞானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போன கண்ணியின் மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். இறந்த பிறகு கொடுத்தார்கள்.

1945 ஏப்ரலில் ஜெர்மன் படை உடைந்தது. ஏப்ரல் 27 அன்று ஏரியின் மேற்குக் கரையில் வடக்கு நோக்கிப் போன ஜெர்மன் வண்டித் தொடரை இத்தாலியக் கெரில்லாக்கள் முஸ்ஸோ என்ற ஊரில் மறித்தார்கள். ஜெர்மானியர்கள் போகலாம், இத்தாலியர்கள் இறங்க வேண்டும் என்பது பேச்சு. பக்கத்து ஊரான தோங்கோவின் சதுக்கத்தில் சோதனை நடந்தது. ஒரு லாரியில் ஜெர்மன் ராணுவக் கோட்டும் தலைக்கவசமும் போட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் முசோலினி. மறுநாள் மெட்செக்ராவின் ஜூலினோ என்ற இடத்தில் ஒரு வீட்டு வாசலில் அவரையும் அவருடைய துணைவி கிளாரா பெத்தாச்சியையும் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை நடக்கவில்லை. சுட்டது யார் என்பதில் இன்றும் தகராறு. உடல்களை மிலானுக்குக் கொண்டுபோய் லொரேத்தோ சதுக்கத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். அதே சதுக்கத்தில்தான் முந்தைய ஆகஸ்டில் 15 போராளிகளைச் சுட்டுக் கிடத்தியிருந்தார்கள்.

விசாரணை இல்லாமல் கொன்றது சரியா என்று கேட்டால், சரியென்று என்னால் சொல்ல முடியாது. நீதிமன்றத்தில் நிறுத்தியிருந்தால் எத்தியோப்பியாவின் விஷவாயுவுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டி வந்திருக்கும். அந்தக் கணக்கு கேட்கப்படாமலே போயிற்று.

தோங்கோ சதுக்கத்தில் உள்ள பலாத்சோ மான்சி என்ற கட்டடத்தில் 'போர் முடிவு அருங்காட்சியகம்' இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, மெட்செக்ரா வழியாகக் கோமோ நகரம். அங்கே சூரிக் ரயில் பிடிக்கலாம்.

பிள்ளைகளே, நான்கு நாளையும் எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்குப் பட்டது இதுதான். லோகார்னோவிலும் ஸ்ட்ரேசாவிலும் உட்கார்ந்து பேசியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். பலர் உண்மையாகவே போர் வேண்டாம் என்று நினைத்தவர்கள். தங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களின் அமைதியை மட்டும் பார்த்தார்கள். போலந்துக்காரனும் எத்தியோப்பியனும் அந்தக் கணக்கில் வரவில்லை. அப்படி விட்டுவைத்த தீ சுற்றிக்கொண்டு வந்து, எட்டே வருஷத்தில், மாநாடு நடந்த தீவிலிருந்து கண்ணுக்கெட்டும் அதே தண்ணீரில் குழந்தைகளின் உடலை மிதக்கவிட்டது. ஒரு சமாதான ஒப்பந்தம் நடந்தது என்று இனி எங்கே படித்தாலும், யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதோடு யாருடைய பெயர் அதில் விடுபட்டது என்றும் தேடிப் பாருங்கள். வகுப்பில் இதை நேரம் போதாமல் ஓட்டிவிட்டோம். இப்போது உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போய்வந்திருந்தால் கீழே எழுதுங்கள். மெனாஜ்ஜியோவிலிருந்து தோங்கோவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் பேருந்து ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிந்தால் பெரிய உதவி. முழங்கால் வலிக்காரர்கள் படகில் ஏறி இறங்க வசதி எப்படி என்பதையும் சொல்லுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்